நிவாரணம் உதவி, இழப்பீடு உரிமை!

வீட்டுக்காரன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கின்றனர். வாடகை வாங்குவோரெல்லாம் வசதி படைத்தோர் என்பது அவர்தம் எண்ணம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் தெருத்தெருவாகச் சென்று பாருங்கள். தொழிற்பேட்டையில் முப்பதாண்டு உழைத்தவர், சேமநிதியைக் கொட்டி ஒரு வீடு கட்டி, கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் உலை வைக்கிறார். இவரா ஜமீன்தார்?

2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. உடையவர், குடியிருப்பவர் என்று தண்ணீர் பேதம் பார்க்கவில்லை. குடியிருந்தவர் மூட்டையோடு வெளியேறினார். உடையவருக்கோ வாடகை நின்றது, சுவர் ஊறிற்று, வயரிங்கும் மோட்டாரும் பாழாயின. மிக்ஜாமுக்குப் பின் அரசு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வழங்கியது. அடுப்பு மூட்ட அது உதவிற்று, மறுப்பதற்கில்லை. ஆனால் இடிந்த சுற்றுச்சுவரை எழுப்ப அது போதுமா?

நிவாரணம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இன்சூரன்ஸ் இழப்பீடு அப்படியன்று. பிரீமியம் கட்டியவன் கேட்டுப் பெறும் உரிமை அது. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுப் பாலிசி நடப்பில் இருக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடக்கம். வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போனால் இழந்த வாடகைக்கும் அதில் இடமுண்டு. ஆனால் வாடகைதாரரின் கட்டிலும் பீரோவும் உடையவர் பாலிசியில் சேரா. அவற்றுக்கு அவரே தனியாக எடுக்க வேண்டும். குடியிருப்பென்று எழுதிக்கொடுத்துவிட்டு முன்பகுதியைப் பட்டறைக்கு விட்டால், மறுப்பதற்கு நாமே வழி திறந்துவிட்டவராவோம்.

உரிமை இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்கும் முறையும் தெரிய வேண்டும். தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டுப் பிறகு கம்பெனியைத் தேடுவது நம் வழக்கம். அது தவறு. முதலில் தகவல், அடுத்து புகைப்படம், சர்வேயர் பார்க்கும்வரை பாழான பொருளை எறியாதிருத்தல், பழுது பார்த்த ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. 2024-ல் வந்த விதிப்படி 24 மணி நேரத்தில் சர்வேயரை அமர்த்த வேண்டும். 15 நாளில் அவர் அறிக்கை தரவேண்டும். அதற்குப் பின் 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியிடம் முறையிட்டும் ஒரு மாதத்தில் நியாயம் கிட்டாவிடில், இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்கை அவர் விசாரிக்கலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை.

இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததா? வங்கிக் கடனோடு எடுத்த பாலிசி, பெட்டிக்குள் உறங்குவதைக்கூட அறியாத குடும்பங்கள் உண்டு. அங்கேதான் தோழர்களே, உங்கள் பணி தொடங்குகிறது! வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் சுமந்த கைகள், வெள்ளம் வடிந்தபின் மனு எழுதட்டும். மழைக்கு முன்பே கிளைதோறும் ஒரு மாலை ஒதுக்கி, பாலிசித் தாள்களைப் பிரித்துப் படித்துக் காட்டுங்கள்.

பாலிசி இருப்பதால் ஏரிக்கரையையும் வடிகாலையும் காக்கும் கடமை அரசுக்குத் தீர்ந்துவிடாது. அதைத் தட்டிக் கேட்போம். இதையும் விடாமல் பெறுவோம். கையேந்தி நிற்பவனாக அல்ல, கணக்குக் கேட்பவனாக நம் மக்களை நிறுத்துவதே அரசியல்.