பாட்னாவுக்குக் கேட்கும்படி பேசுவோம்

தாம்பரத்திலிருந்து அசாமின் சில்காட் டவுனுக்கும் ஜார்க்கண்டின் ஜசிடிக்கும் ரயில்கள் போகின்றன. அவற்றுக்காகப் பைகளின் மேல் சாய்ந்து காத்திருப்பவர்களின் கைப்பேசிகளில் போஜ்புரியும் வங்காளமும் அசாமியமும் ஒலிக்கின்றன. தமிழ்நாடு எப்படிப்பட்ட இடம் என்பதை இவர்களின் வீட்டார் தெரிந்துகொள்வதும் இதுபோன்ற திரைகளில்தான். அங்கே நம் குரல் இல்லை.

அதன் விலையை 2023 மார்ச்சில் கொடுத்தோம். பிகார் தொழிலாளர்கள் இங்கே அடித்துக் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பிகார் சட்டமன்றத்தில் அமளி. ஒரு காணொளியில் இருந்தது பிகாரிகள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்றில் கோவைக்காரர்கள் மோதிக்கொண்டது எனத் தமிழ்நாட்டின் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பாலமுருகன் தலைமையில் பிகார் அதிகாரிகள் குழு வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்தது. பொய்க் காணொளிகளைப் பரப்பியதாக யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதானார். அவர்மீது பாய்ந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை உயர் நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. வழக்கு போட்டால் ஒருவரின் வாயை அடைக்கலாம். ஆனால், மகனை இங்கே அனுப்பிய தாய்க்கு அதனால் தைரியம் வந்துவிடாது. ‘நான் நல்லா இருக்கேன்’ என்று அந்த மகனே வீடியோ காலில் சொன்னால்தான் வரும்.

பிழைக்க வந்தவர்களிடம் அவர்கள் மொழியில் பேச வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பிழைக்கப் போன தமிழர்களுக்காக சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். 2020இல் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியபோது அந்நாட்டு அரசு தமிழிலும் வங்காளத்திலும் அவர்களிடம் பேசியது.

நம் அரசோ பெரும்பாலும் ஆபத்து வந்தால்தான் இந்தியில் மறுப்பு வெளியிடுகிறது. ஒடியா, வங்காளம் மட்டுமே பேசுவோரை அதுவும் எட்டுவதில்லை. அன்றாடம் பயன்படுகிற குரலைத்தான் நெருக்கடியிலும் நம்புவார்கள். 2015 வெள்ளத்தில் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்படியொரு வெள்ள எச்சரிக்கை, கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் படுத்திருப்பவருக்கு அவர் மொழியில் போய்ச் சேர வேண்டாமா? கூலி பாக்கி என்றால் எங்கே புகார் கொடுப்பது, காய்ச்சலுக்கு எந்த மருத்துவமனை என்பதும் அப்படித்தான்.

இதற்கென நிரந்தரமான டிஜிட்டல் சேனல் வேண்டும். தாம்பரம் மாநகராட்சியும் காவல் ஆணையரகமும் தொழிலாளர் துறையும் சேர்ந்து நடத்தலாம். பேசுகிறவர்கள் தொழிலாளர்களாகவே இருக்கட்டும். கூலி தராமல் ஏய்க்கும் மேஸ்திரியைப் பற்றிய குறையும் அதில் வெட்டாமல் வரவேண்டும். புகழ்ச்சி மட்டும் ஓடினால் பாட்னாவில் யாரும் நம்பமாட்டார்கள். முதல் ஒளிபரப்பு, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்க வேண்டும்.