வண்டியில் இருவழி ரேடியோ: பெட்டியைக் காட்டிலும் ஏரியலே பிரதானம்

பண்ணைத் தொழிலில் ஒரு கருவிக்காகப் பணம் செலவிடுகிறவர், அக்கருவியின் எந்த உறுப்பு உண்மையில் வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஏற்றமரம் எவ்வளவு உயர்ந்த ஜாதியைச் சேர்ந்ததாயினும், சால் ஓட்டையாயிருந்தால் வயலுக்கு நீர் வந்து சேராது. இந்த நியாயம் மோட்டார் வண்டிகளில் பொருத்தப்படும் இருவழி ரேடியோவுக்கும் முற்றிலும் பொருந்தும். பெட்டிக்கு ஏராளமாய்ச் செலவிட்டு, ஏரியலையும் கேபிளையும் அவை பொருத்தப்படும் முறையையும் அசட்டை செய்வதே எங்கும் காணப்படும் குறையாகும். இவ்வழக்கம் மாறுதல் அவசியம் என்பதற்கு, இக்கருவி மிகப் பரவலாய் வழங்கும் ஆஸ்திரேலியா தேசத்துக் குடியானவர்களின் நிலைமையே தக்க உதாரணமாகும்.

அத்தேசத்தின் தேவை

ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களில் ஒரே மாட்டுப் பண்ணை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரந்து கிடப்பதுண்டு. தென் ஆஸ்திரேலியாவிலுள்ள அன்னா கிரீக் என்னும் பண்ணையின் விஸ்தீரணம் 15,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கைத்தொலைபேசியின் சேவை அந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் வசிக்கும் இடங்களுக்கு எட்டினும், தேசத்தின் நிலப்பரப்பில் பாதிக்கும் குறைவான பகுதிக்கே எட்டுகிறது. இந்நிலைமையை உணர்ந்தே 1928ஆம் வருஷத்தில் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த குளோங்கரி என்னும் ஊரில் ஜான் ஃபிளின் பாதிரியாரின் முயற்சியால் ஆகாய விமான வைத்திய சேவை ஆரம்பமாயிற்று. மறு வருஷமாகிய 1929இல் ஆல்பிரட் டிரேகர் என்பவர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் ரேடியோ யந்திரத்தை அமைத்து, தனித்த பண்ணை வீடுகளில் இருந்தோர் வைத்தியரை அழைக்க வழி செய்தார். 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ரேடியோ மூலம் பாடம் கற்பிக்கும் பள்ளிக்கூடமும் திறக்கப்பட்டது. ஆகவே அங்குள்ள குடியானவருக்கு ரேடியோ என்பது பொழுதுபோக்குக்குரிய சாமான் அன்று. ஏருக்கும் வேலிக்கும் சமமான பண்ணைக் கருவியாகும்.

இன்று நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளில் பெரும்பாலும் வைக்கப்படுவது யூ.எச்.எப். ஸி.பி. எனப்படும் பொதுஜன ரேடியோ. 1977இல் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இவ்வகையில் முதலில் 40 சேனல்கள் இருந்தன. 2011 முதல் அவை 80 ஆக்கப்பட்டன. இது 477 மெகாஹெர்ட்ஸை அடுத்த அலைவரிசையில் இயங்குவது. தனி லைசென்ஸோ கட்டணமோ வேண்டியதில்லை. மந்தையை வளைப்போர், தண்ணீர்த் தொட்டிகளைப் பார்வையிடுவோர், அறுவடை யந்திரத்தை ஓட்டுவோர், தானிய லாரியைக் கொண்டுசெல்வோர் யாவரும் இதன் மூலமே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளுகிறார்கள். புல்வெளியில் தீப்பற்றிய நாளில், தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிய பண்ணை வண்டிகள் அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து வேலை செய்வதற்கும் இதுவே துணை. காற்று திசை மாறிய செய்தி ஒரு வண்டிக்கு எட்டாமற் போனால் அதிலுள்ளோரின் உயிருக்கே ஆபத்து. ரேடியோவைப் பொருத்தும் முறையைப் பற்றிய விவாதம் அற்பமானதல்ல என்பதற்கு இதுவொன்றே போதும்.

விலையுயர்ந்த பெட்டியால் தூரம் கூடுமா?

அதிக விலை கொடுத்தால் அதிக தூரம் பேசலாம் என்பது பலருடைய எண்ணம். இது தவறு. யூ.எச்.எப். ஸி.பி. பெட்டி எதுவாயினும் அது வெளியிடும் சக்தி 5 வாட்டுக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகையால் வண்டியில் நிலையாய்ப் பொருத்தப்படும் பெட்டிகளுள் மலிவானதும் விலையுயர்ந்ததும் அனுப்பும் சக்தியில் ஏறக்குறைய ஒன்றே. கூடுதல் விலைக்குக் கிடைப்பவை தெளிவான ஒலி, தூசியையும் அதிர்ச்சியையும் தாங்கும் உறுதி, பல சேனல்களை விரைவாய்த் தேடிக் கேட்கும் வசதி முதலியன. இவை நல்லனவே; ஆயினும் தூரத்தைத் தருவன அல்ல.

தூரத்தை நிர்ணயிப்பது ஏரியலின் உயரமும் அமைப்புமாகும். இவ்வலைகள் பெரும்பாலும் கண்பார்வையைப் போல நேர்க்கோட்டில் செல்பவை. குன்றும் அடர்ந்த காடும் அவற்றைத் தடுக்கும். முற்றிலும் சமமான வெளியில், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஏரியல் கொண்ட இரண்டு வண்டிகளுக்கிடையே தடையின்றி அலை செல்லும் தூரம் கணக்குப்படி 11 அல்லது 12 கிலோமீட்டர். அவ்வுயரம் 1 மீட்டராகக் குறையுமாயின் தூரமும் 8 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். பெட்டியை மாற்றாமலே ஏரியலின் ஸ்தானத்தை மாற்றிய மாத்திரத்தில் இவ்வளவு லாபமுண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

கையில் எடுத்துச் செல்லும் சிறு ரேடியோவே போதுமென்று வாதிப்போரும் உளர். வண்டியை விட்டு இறங்கி, ஓடையின் ஆழம் பார்ப்பவருக்கும் வேலி கட்டுபவருக்கும் அது மிகவும் அனுகூலமானது. ஆனால் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து, விரலளவான ஏரியலைக் கொண்டு பேசினால், அலையில் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே தடைப்பட்டுப் போகும். அதன் பாட்டரியும் அவசர வேளையில் தீர்ந்துவிடலாம். ஆகையால் கை ரேடியோ நிலையான ரேடியோவுக்குத் துணையாகலாமேயன்றி, அதற்குப் பதிலாகாது.

ஏரியலைத் தேர்ந்தெடுத்தல்

நீளமான ஏரியலே மேலானது என்பது மற்றொரு தவறான எண்ணம். ஏரியல் புதிதாய்ச் சக்தியை உண்டாக்குவதில்லை. கொடுத்த சக்தியை ஒரு திசையிற் குவித்து அனுப்புகிறது. சுமார் 3 டெசிபெல் பலமுள்ள குட்டையான ஏரியல், அலையைப் பந்து போல மேலும் கீழும் பரப்பும். 9 டெசிபெல் அளவுள்ள நீண்ட ஏரியல், அதே அலையைத் தட்டையான தாம்பாளம் போல அடிவானத்தை நோக்கி அனுப்பும். சமவெளியில் பின்னது நெடுந்தூரம் எட்டும். மலைப்பாதையிலோ வண்டி ஏறி இறங்கிச் சாயுந்தோறும் அத்தட்டும் உடன் சாய்ந்து, அலை ஆகாயத்தையோ மண்ணையோ நோக்கிப் போய்விடும். பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு அது கேளாது. ஆதலால் வெட்டவெளிப் பண்ணைக்கு நீண்டதும், மலையும் காடுமான இடத்துக்குக் குட்டையானதும், இரண்டும் கலந்த பிரதேசத்துக்கு 6 டெசிபெல் அளவினதும் ஏற்றவை. ஒரே அடிப்பாகத்தில் திருகி மாற்றக்கூடிய இரண்டு கழிகளை வைத்துக்கொள்வது விவேகமாகும்.

பொருத்தும் இடத்தைப் பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. வண்டிக் கூரையின் நடுவே உயரமும் நான்கு திசையிலும் சமமான வீச்சும் கிடைக்கும். ஆனால் தாழ்ந்த கிளைகள் ஏரியலை முறிக்கும். முன்புறத்து இரும்புக் காப்புச் சட்டத்தில் பொருத்தினால் கிளைகளுக்குத் தப்பலாம். ஆனால் வண்டியின் உடலே பின்திசையை ஓரளவு மறைத்துவிடும். வெட்டவெளியில் வேலை செய்வோர் கூரையையும், புதர்க்காட்டில் உழல்வோர் முன்சட்டத்தையும் கொள்ளுதல் நலம். முன்சட்டத்தில் வைக்கும்போது தரைத்தகடு தேவைப்படாத வகை ஏரியலையே வாங்க வேண்டும். கூரைத் தகட்டை ஆதாரமாய்க் கொண்டு இயங்கும் வகையை அங்கே வைத்தால் அது சரிவர வேலை செய்யாது. கனமான ஏரியலுக்கு அடியில் வில்சுருள் அவசியம். அஃதின்றேல் கரடுமுரடான பாதையில் தாங்கி வெடித்துவிடும். ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும்படி எதையும் வைக்கலாகாது.

கேபிளும் மின்சார இணைப்பும்

சாதாரணமாய் வழங்கும் மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளில் 5 மீட்டர் செல்வதற்குள் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விரயமாகிறது. ஆகவே வீணான நீளம் கூடாது. கேபிள் கதவிடுக்கில் நசுங்குதலும், கூர்மையாய் மடிதலும், இணைப்பில் நீர் புகுதலும் அதனினும் கேடானவை.

வேலை முடிந்தபின் எஸ்.டபிள்யூ.ஆர். என்னும் அளவுமானியால் சோதித்தல் இன்றியமையாதது. இது, அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஏரியலிலிருந்து பெட்டிக்கே திரும்புகிறது என்பதைக் காட்டும். அளவு 1.5 ஆனால் நூற்றுக்கு 4 பங்கும், 2 ஆனால் 11 பங்கும், 3 ஆனால் 25 பங்கும் திரும்பும். 1.5க்கு உட்பட்டிருப்பது திருப்திகரம். 2க்கு மேற்பட்டால் பழுதைத் தேடிச் சீர்செய்ய வேண்டும். ஏரியலை இணைக்காமல் பேசும் பொத்தானை ஒருபோதும் அழுத்தலாகாது; அதனால் பெட்டி கெட்டுப்போகக் கூடும்.

மின்சாரத்தைப் பாட்டரியிலிருந்தே நேராய்க் கொணர்தல் உத்தமம். வேறு கம்பிகளிலிருந்து கிளை எடுத்தால் இஞ்சினின் இரைச்சல் பேச்சிற் கலக்கும். பாட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் வைக்க வேண்டும். அது பெட்டியருகில் மாத்திரம் இருந்தால், இடையிலே கம்பி தேய்ந்து இரும்பைத் தொடும்போது தீப்பற்றுவதைத் தடுக்க இயலாது. தற்காலத்து வண்டிகளில் பாட்டரியின் எதிர்முனையில் மின்சாரத்தை அளக்கும் கருவி இருக்குமாயின், ரேடியோவின் எதிர்க்கம்பியை அம்முனையில் கட்டாமல் வண்டி உடலில் தக்க இடத்தில் இணைக்க வேண்டும். 24 வோல்ட் லாரிக்கு 12 வோல்ட் பெட்டியை நேராய் இணைப்பது அதை அழிப்பதற்கு ஒப்பாகும்.

பெட்டியை ஏர்பேக் விரியும் வழியில் எக்காரணம் பற்றியும் வைக்கலாகாது. மோதலின்போது அதுவே எறிகல்லாகிவிடும். இடநெருக்கடியுள்ள வண்டிக்கு, பெட்டியை ஆசனத்தடியில் மறைத்துவைத்து, விசைகள் யாவும் மைக்கிலேயே அமைந்த வகை மிகவும் பொருத்தமானது. தகட்டைத் துளைக்குமுன் மறுபுறம் என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

பேசும் ஒழுங்கு

கருவி நன்றாயிருந்தும் பேசுவோரிடத்தில் ஒழுங்கில்லையேல் பயனில்லை. 5, 35 ஆகிய சேனல்கள் ஆபத்துக் காலத்துக்கு மாத்திரம் உரியவை. 22, 23 ஆகியவற்றில் குரல் பேச்சுக்கு இடமில்லை. 11 பிறரை அழைப்பதற்கும், 40 நெடுஞ்சாலையோருக்கும் வழங்குகின்றன. 10 நாற்சக்கர வண்டிச் சங்கத்தாரின் வழக்கச் சேனலாகும். 1 முதல் 8 வரையிலும் 41 முதல் 48 வரையிலும் உள்ளவை குன்றுகளின்மேல் நின்று குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிபீட்டர் நிலையங்களுக்கானவை. அந்நிலையங்கள் 31 முதல் 38 வரையிலும் 71 முதல் 78 வரையிலும் குரலை வாங்குவதால், அவற்றின் அண்மையில் இச்சேனல்களில் வம்பளப்பது பிறர் வழியை அடைப்பதாகும். வாய்க்காலில் முறைத்தண்ணீர் போலவே சேனலும் ஊராரின் பொதுச்சொத்து. ஒருவர் வீணாக்கினால் நஷ்டம் பலருக்கு.

மேலும், இந்த ரேடியோவொன்றையே நம்பித் தனிவழி செல்வது அறிவுடைமையாகாது. கேட்கும் எல்லைக்குள் மற்றொருவர் இருந்தாலன்றி இதனால் பயனில்லை. நெடுந்தூரம் செல்வோர் செயற்கைக்கோள் தொலைபேசியையோ, 406 மெகாஹெர்ட்ஸில் ஆபத்துக் குறி அனுப்பும் கருவியையோ உடன் கொள்ளுதல் வேண்டும். அலைவரிசைகளின் ஒதுக்கீடு தேசத்துக்குத் தேசம் வேறுபடுவதால், ஒரு நாட்டில் வாங்கிய பெட்டியைப் பிற நாட்டுக்குக் கொண்டுபோய் அவ்விடத்து அனுமதியின்றி உபயோகிப்பது குற்றமாகக் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

முடிவாக, வாங்கத் தீர்மானித்தவர் முதலில் தம் நிலத்தின் அமைப்புக்கேற்ற ஏரியலைத் தெரிந்து, அதற்கு உறுதியான தாங்கியையும் குற்றமற்ற கேபிளையும் ஃப்யூஸையும் ஏற்படுத்தி, மிஞ்சிய பணத்துக்கு ஏற்ற பெட்டியை வாங்குவதே முறை. பெட்டியை முதலில் வாங்கி மிஞ்சியதில் ஏரியல் தேடுவது தலைகீழான செலவாகும். வருஷந்தோறும் அறுவடைக்கும் கோடைத் தீக்காலத்துக்கும் முன்னர் அளவுமானியால் ஒரு முறை சோதித்து, திருகாணிகளை இறுக்கிவைத்தல் நலம். கிராமத்துத் தலைவர்கள் அக்காலத்தில் ஒரு நாள் குறித்து, எல்லா வண்டிகளையும் ஒரே இடத்தில் கூட்டி, ஒவ்வொன்றின் குரலும் எந்த எல்லை வரையில் கேட்கிறதென்று பரீட்சித்து எழுதிவைப்பார்களாயின், எந்தப் பள்ளத்தில் குரல் எட்டாது என்பது ஆபத்து வருமுன்னரே யாவருக்கும் தெரிந்திருக்கும். இதற்குச் செலவு ஒரு காலைப்பொழுதே. பலனோ உயிரையும் உடைமையையும் காப்பதாகும்.