81-வது உத்தரவும் விதைக் கோதுமையும்

உலகப் பாதுகாப்புன்னு டிவியில பேச உட்கார்ந்தா ஏவுகணை, அணுகுண்டு, விமானந்தாங்கிக் கப்பல், இதுதான். விதைன்னு ஒரு வார்த்தை வராது. அமெரிக்கா இல்லேன்னா உலகத்துல ஒழுங்கே இருக்காதுன்னு என்னிடம் வாதாடுகிற நகரத்து நண்பர்களுக்காக, ஈராக்கில் நடந்ததை எழுதுகிறேன்.

2003 மார்ச்சில் அமெரிக்கப் படை அங்கே நுழைந்தது. பேரழிவு ஆயுதம் இருக்கு, உலகத்துக்கே ஆபத்து என்றார்கள். கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் அனுப்பிய ஆய்வுக் குழுவே அதை எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்தக் களேபரத்தில் ஈராக்கின் தேசிய விதை வங்கி சூறையாடப்பட்டது. இருந்த இடம் அபு கிரைப். அந்தப் பேரைக் கேட்டால் உங்களுக்குச் சிறைச்சாலைதான் ஞாபகம் வரும், எனக்கு இந்த விதை வங்கி. கோதுமையும் பார்லியும் முதன்முதலாக மனுஷன் கைக்குப் பழகிய வட்டாரம்ங்க அது!

அதோடு விடவில்லை. நாட்டை நிர்வகிக்க வந்த பால் பிரெமர் போட்ட 100 உத்தரவுகளில் 81-வது, 2004 ஏப்ரலில் வந்தது. காப்புரிமைச் சட்டத்தைத் திருத்துகிற உத்தரவு. கம்ப்யூட்டர் சிப்புக்கும் விதைக்கும் ஒரே காகிதம்! பாதுகாப்பு பெற்ற புது ரகத்தின் விதையை விவசாயி எடுத்து வைத்து மறுபடி விதைக்கக் கூடாது. பயிருக்கு 20 வருஷம், மரத்துக்கும் திராட்சைக்கும் 25 வருஷம். பாரம்பரிய விதைக்கே தடை போட்டார்கள் என்று சிலர் பரப்புகிறார்கள், அது சரியில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க, பழைய விதையைக் காத்த வங்கி காலி, புது விதைக்கு மட்டும் காவல். ஈராக்கியரிடம் ஆட்சியை ஒப்படைக்க 2 மாசம்தான் பாக்கி. அதுக்குள்ள என்ன அவசரம்?

நம்ம ஊரில் 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பதிவான ரகத்தின் விதையைக்கூட உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், மாத்திக்கலாம், பிராண்டு பேர் போடாமல் விற்கலாம் என்கிறது. நம்ம பார்லிமென்ட் போட்ட சட்டம். அங்கே போட்டவர் ஈராக்கியரே இல்லை, ஒருத்தரும் அவருக்கு ஓட்டுப் போடவும் இல்லை.

ஈராக் விதை கொஞ்சம் மிஞ்சியதுக்குக் காரணம் எந்தப் படையும் இல்லை. அந்நாட்டு விஞ்ஞானிகள் போருக்கு முன்பே ஒரு பங்கை சிரியாவில், அலெப்போ பக்கம் இருந்த இக்கார்டா ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். பிறகு சிரியாவிலும் போர். அந்த நிலையம் நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிக் கிடங்கில் தான் போட்டு வைத்திருந்த விதைகளை 2015-ல் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் ஒரு பங்கை நார்வேக்கே திருப்பி அனுப்பியது. விதை கடன் வாங்கி, அறுப்பு முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கிறது எங்க ஊரில் இன்னைக்கும் உண்டு. பாதுகாப்பு பெற்ற ரகமாக இருந்தால், எடுத்து வைத்து விதைக்கிற இந்த வேலையைத்தான் 81-வது உத்தரவு கூடாது என்றது.