காற்றுப்பாயும் திண்ணையும்

மிதிவண்டியில் நெடும்பயணம் செல்வோரிடம் இன்று காற்றடைக்கும் பாய் புழங்குகிறது. எடை அரைக்கிலோ அளவே. சுருட்டினால் தண்ணீர்ப் பாட்டில் அளவுதான். மென்மை அதன் இரண்டாம் பயன். உடற்சூட்டைத் தரை உறிஞ்சிவிடாமல் தடுப்பதே முதற்பணி. மார்கழி வால்பாறையில் இதன் அருமை விளங்கும்.

நம் பவானி ஜமுக்காளமோ கனமானது. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்விரிப்பு சுமந்து திரிவதற்கானதன்று. வந்தவருக்கு விரிப்பதற்காக வீட்டில் மடித்து வைக்கப்படுவது. திண்ணையும் சத்திரமும் வழிப்போக்கரின் படுக்கையை ஊரின் பொறுப்பாக்கியிருந்தன. அவை மறைய, அப்பொறுப்பு பயணியின் முதுகுக்கு மாறிவிட்டது.

பழமையை ஏங்கிப் போற்றுவதற்கில்லை. சாதி கேட்டே இடம் தந்த திண்ணைகள் ஏராளம். காற்றுப்பாய் எவரையும் கேட்பதில்லை. அந்த விடுதலை பெரிது. ஆயினும் அதை விரிக்கவும் ஓரிடம் வேண்டுமே? தைப்பூசத்துக்குப் பழனி நடப்போருக்காக வழியெங்கும் பந்தல்களும் மண்டபங்களும் திறக்கின்றன. பூசம் முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படுகிறது. மறுநாள் வருகிறவர் அந்நியராகிறார்.

பாயின் எடை குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஊர் தன் பாரத்தை இறக்கிவைத்துவிட்டதை மட்டும் முன்னேற்றம் என்று நாம் எழுதிக்கொள்ள வேண்டாம்.