விலை சரிந்த பங்கு மலிவான பங்கா?

ஒரு நிறுவனத்தின் பங்கு விலை பாதியாகச் சரிந்ததும், “இப்போது வாங்கிப் போட்டால் பிறகு லாபம்” என்ற பேச்சு நண்பர்களிடையே கிளம்பிவிடும். கைப்பேசிச் செயலியில் சில நொடிகளில் வாங்கிவிடவும் முடிகிறது. ஆனால், தள்ளாடும் நிறுவனம் மீளுமா என்பதும் அதன் பங்கை வாங்கலாமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். சிங்கப்பூரில் நடந்த இரண்டு நிகழ்வுகள் அதை விளக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, சரிவுக்கான காரணம். கொவிட்-19 பரவலால் எல்லைகள் மூடப்பட்டு, சிங்கப்பூர் ஏர்லைன்சின் விமானங்கள் முடங்கின. 2020/21 நிதியாண்டில் அதன் நட்டம் ஏறத்தாழ 4.3 பில்லியன் வெள்ளி. ஆனால், மக்களின் பயண ஆசை முடங்கவில்லை. 2022/23ல் அது சுமார் 2.16 பில்லியன் வெள்ளி லாபம் ஈட்டியது.

தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிறுவனமான ஹைஃபிளக்சின் கதை வேறு. துவாசில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையுடன் மின்நிலையத்தையும் அது கட்டியது. மின்சார விலை சரிந்ததால் போட்ட கணக்கே தவறியது. 2017ல் 100 மில்லியன் வெள்ளிக்கும் அதிகமான நட்டம். 2018 மே மாதம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

இரண்டாவது, ரொக்கம். ஹைஃபிளக்ஸ் லாபம் காட்டிய ஆண்டுகள் பலவற்றிலும், தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தைவிட வெளியே போனதே அதிகம். ஆண்டறிக்கையின் ரொக்க ஓட்டப் பக்கத்தில் அது தெரிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கோ பெரும் பங்குதாரரான தெமாசெக் கைகொடுத்தது. ஹைஃபிளக்சை மீட்க இந்தோனீசிய முதலீட்டாளர்களுடன் செய்யப்பட்ட உடன்பாடு 2019ல் முறிந்தது. 2021ல் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

பலர் கேட்க மறப்பது மூன்றாவது கேள்வி: மீண்டால் லாபம் யாருக்கு? 2020ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இரண்டு பங்கு வைத்திருந்தோருக்கு மூன்று புதிய பங்குகளைத் தலா 3 வெள்ளிக்கு வழங்கியது. கூடுதல் பணம் போடாதவர்களின் உரிமை விகிதம் சுருங்கியது. ஹைஃபிளக்ஸ் மீட்புத் திட்டத்திலும் 60 விழுக்காடு புதிய முதலீட்டாளர்களுக்குப் போவதாக இருந்தது.

நிறுவனம் மூழ்கினால் கடன் கொடுத்தவர்களுக்கே முதலிடம். சாதாரணப் பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்பவர். ஹைஃபிளக்சின் முன்னுரிமைப் பங்குகளையும் நிரந்தரப் பத்திரங்களையும் வாங்கிய ஏறத்தாழ 34,000 பேர் அவருக்கு முன்னே நின்றவர்கள். அவர்களது சுமார் 900 மில்லியன் வெள்ளியே சிக்கிக்கொண்டது.

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைச் செயலி காட்டும். ரொக்கம் எத்தனை மாதங்களுக்குத் தாங்கும், கடன் எப்போது திருப்பித் தரப்பட வேண்டும் என்பதை நீங்கள்தான் தேடிப் படிக்க வேண்டும். விடை கிடைக்காவிட்டால், வாங்காமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவே.