நுரைச்சோலைச் சாம்பலும் ஒரு மாதக் கெடுவும்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் நுரைச்சோலைக்குச் சென்றவர்களுக்கு நான் எதனையும் விளக்க வேண்டியதில்லை. கடலிலிருந்து எழும் காற்று அனல் மின் நிலையத்தைக் கடந்துதான் ஊருக்குள் நுழைகின்றது. மிளகாய்ச் செடியின் இலையில் படிந்திருந்த கரும்பொடியை விரலால் வழித்துக் காட்டிய விவசாயி ஒருவர், "இதை மூச்சில எடுத்தா என்ன வரும், சேர்?" என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கின்றார்கள்.

2011 இல் முதலாவது 300 மெகாவாட் அலகு இயங்கத் தொடங்கியது. 2014 இல் மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாட் ஆயிற்று. நிலக்கரியை எரித்தால் எஞ்சும் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் ஆகியன சிறிதளவேனும் இருக்கும். நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்லும். கற்பிட்டிக் குடாநாடோ வெறும் மணல். மேலே கொட்டுவது கீழே கிணற்றுக்கு இறங்க அதிக காலம் வேண்டாம். அந்தக் கிணறுகளை நம்பி வாழ்பவர்களுள், 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கு வந்து குடியேறியவர்களும் அடங்குவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

"அப்படியானால் மின்சாரம் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும் ஐயா. அதன் விலையை நாடு முழுவதும் பகிர்ந்து கொள்ளாமல் ஒரு சில கிராமங்களின் நெஞ்சுக்கூட்டில் எழுதி வைப்பதைத்தான் நான் எதிர்க்கின்றேன்.

சட்டம் இருக்கின்றதே என்பார்கள். இருக்கின்றது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை. நட்டஈட்டு வழக்குக்குக் காலவிதிப்புச் சட்டம் தருவது இரண்டு ஆண்டுகள். நுரையீரல் நோயும் சிறுநீரக நோயும் இந்த நாட்காட்டியைப் பார்த்தா வருகின்றன? தொடரும் மீறலாயின் நீதிமன்றம் சில வேளைகளில் இக்கெடுவைத் தளர்த்துவதுண்டு. ஆனால் அது நீதியரசரின் மனத்தைப் பொறுத்தது. விவசாயியின் உரிமையாக அது இன்னும் எழுதப்படவில்லை.

சுன்னாகத்தைப் பாருங்கள். மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்தமைக்காக, மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 20 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019 ஏப்ரல் 4 இல் உயர் நீதிமன்றம் தனியார் நிறுவனமொன்றுக்கு உத்தரவிட்டது. அங்கே எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, நாற்றமும் அடித்தது. நீரில் கரைந்த ஆர்சனிக்குக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதை நிரூபிக்கும் ஆய்வுகூடம் எந்த ஏழையின் வளவில் இருக்கின்றது?

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் வழக்கில் 2025 ஜூலை 24 இல் ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு தீர்ப்பானது. அங்கு பெறுவது அரசு. நுரைச்சோலையிலோ மின் நிலையமே அரசினுடையது. கொடுக்க வேண்டியதும் அதுதான். வாங்கும்போது நீளும் கை இங்கே மடங்கிக் கிடப்பதன் மர்மம் இதுவன்றி வேறென்ன?

எனவே நோயாளியிடம் ஆதாரம் கேட்பதை விடுங்கள். புகைபோக்கியின் அளவீடுகளை மாதந்தோறும் வெளியிடுங்கள். சுற்றுக் கிராமப் பிள்ளைகளின் இரத்தத்தை அரச செலவில் பரிசோதியுங்கள். கிணற்று நீரின் பெறுபேறுகளைக் கற்பிட்டிப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், தமிழிலும்.