நின்று போக இடம் வேண்டும்

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் குடியேறிவிட்ட அன்பர்கள் நம் சங்கத்தில் இப்போது பலர் இருக்கிறார்கள். அங்கே மூன்று மாதம் தங்கித் திரும்புகிறவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அது கடலோரச் சாலையில் கேம்பர்வேனில் சென்று வந்த கதை. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிப்பறையும் உள்ள ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அறுபது, எழுபது வயதுத் தம்பதியர் நாள்கணக்கில், சிலர் மாதக்கணக்கில்கூடச் சுற்றி வருகிறார்கள். கேட்பவர்கள் வியந்துவிட்டு, "நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா?" என்று பெருமூச்சு விடுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நடக்கும் என்பது என் கருத்து. அதற்குக் குறைவது என்ன என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்புப் பாதைப் பராமரிப்பில் கழித்தவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார் காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கும் சுசீந்திரத்துக்கும் மண்டைக்காட்டுக் கொடைக்கும் போனார்கள். அரிசி, பாத்திரம், பாய், விறகு எல்லாம் வண்டியிலேயே இருக்கும். இருட்டியதும் மாட்டை அவிழ்த்துவிட்டு, சமைத்துச் சாப்பிட்டு, வண்டிக்குள்ளும் வண்டிக்கடியிலும் படுத்துக்கொள்வார்கள். அந்தக் கூண்டு வண்டிதான் நம்முடைய கேம்பர்வேன். அந்தப் பயணம் முடிந்ததற்குக் காரணம் வண்டி மட்டுமன்று, வழியும்தான். வழியெல்லாம் சத்திரம் இருந்தது, கிணறு இருந்தது, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் இருந்தது, கோடையில் தண்ணீர்ப் பந்தல் இருந்தது. திருவிதாங்கூரில் வழியம்பலங்கள் இருந்தன. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு நிற்கவில்லை, சத்திரமும் கட்டினார். மதுரை ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் எதிரிலேயே அவர் பெயர் கொண்ட சத்திரத்தை இன்றும் காணலாம். தனுஷ்கோடி போகும் வழியில் ஓர் ஊரின் பெயரே முகுந்தராயர் சத்திரம். நிற்கும் இடமும் சாலையின் ஒரு பகுதி என்று நினைத்த காலம் அது.

இன்றைய சாலை வேறு. நம் கழக்கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் தேசிய நெடுஞ்சாலை 66 இங்கே 2.7 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள மேம்பாலச் சாலையாகச் செல்கிறது. 2022-இல் திறந்தார்கள். நல்ல வேலை, நெரிசல் குறைந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேலே போகிறவர்களுக்குக் கீழே கழக்கூட்டம் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. நான்கு வழி, ஆறு வழி என்று விரைந்து போக எல்லா ஏற்பாடும் செய்கிறோம். வயதானவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, கால் நீட்டி, முகம் கழுவி, ஓர் இரவு பயமில்லாமல் தூங்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

ஆஸ்திரேலியாவில் பார்க்க வேண்டியது அந்த வேனை அல்ல, வேன் நிற்கும் இடத்தை என்பேன். விக்டோரியா மாநிலத்தில் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலை டார்க்கியிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோ மீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள், மாண்ட தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை கையால் வெட்டி அமைத்த சாலை அது. நம் மக்கள் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடக் கூடிய தூரத்தை அங்கே பலர் நான்கு நாள், ஐந்து நாள் எடுத்துப் போகிறார்கள். காரணம், வழியில் சிற்றூர்தோறும் கேரவன் பார்க் உண்டு. வண்டியை நிறுத்தத் தளம், மின்சாரம் எடுக்க ஒரு பிளக், குடிநீர்க் குழாய், பொதுக் குளியலறை, துணி துவைக்கும் இடம், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒரு குழி, அவ்வளவுதான். விடுமுறை நாட்களில் நெடுஞ்சாலை ஓரங்களில் தொண்டர்கள் பந்தல் போட்டு, ஓட்டி வருகிறவர்களுக்கு இலவசமாகத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துச் சற்று ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். நம் தண்ணீர்ப் பந்தலின் தம்பி என்று அதைச் சொல்லலாம்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். கழக்கூட்டத்திலிருந்து புறப்பட்டுக் கடலை விடாமல் தனுஷ்கோடி வரை போனால் நானூறு கிலோ மீட்டருக்குச் சற்று மேல் வரும். ரயில் கால அட்டவணை போடும்போது, ஓட்ட நேரத்தோடு பாதை வேலைகளுக்காகவும் தாமதத்தைச் சரிக்கட்டவும் கொஞ்சம் நேரம் சேர்த்தே வைப்பார்கள். அந்தச் சேர்மானம் இல்லாத அட்டவணை முதல் நாளே உடையும். நிதானப் பயணம் என்பது திட்டமில்லாத பயணமன்று. சேர்மானம் தாராளமாக உள்ள திட்டம் அது. நான் போட்டுள்ள கணக்கு இது: பன்னிரண்டு நாள். ஒரு நாளில் அறுபது கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. மாலை நான்கு மணிக்கு வண்டி நின்றுவிட வேண்டும். நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓட்டமே இல்லை. காலம், தை பிறந்தது முதல் மாசி முடிய. அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது.

முதல் நாள் தும்பா, வேளி, சங்குமுகம், கோவளம், விழிஞம். 1963-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடமும், 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட துறைமுகமும் அரை நாள் ஓட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. அடுத்து நெய்யாறு கடலில் சேரும் பூவாறு. அதைத் தாண்டிக் கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம். 1956 நவம்பர் 1-இல் போட்ட மாநில எல்லை இங்கேதான் வருகிறது. விரைந்து போனால் எல்லை ஒரு பலகை. மெல்லப் போனால், டீக்கடைக்கு டீக்கடை மலையாளத்தில் தமிழும் தமிழில் மலையாளமும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்று காது கேட்கும். பிறகு 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல், மண்டைக்காடு, கலங்கரை விளக்கமுள்ள முட்டம். 2004 சுனாமியில் பாலம் அடித்துச் செல்லப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட மணக்குடி. அப்புறம் கன்னியாகுமரி.

கிழக்கே திரும்பினால் உவரி, மணப்பாடு, திருச்செந்தூர், தூத்துக்குடி உப்பளங்கள், ஏர்வாடி, கீழக்கரை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்று. பாம்பனில் 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மீது போகும்போதே, 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்த இடத்தையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தையும் பார்க்கலாம். முடிவில் 1964 டிசம்பர் புயல் ரயிலோடு சேர்த்து விழுங்கிய தனுஷ்கோடி. இவ்வளவையும் பேருந்துச் சுற்றுலாவில் இரண்டு நாளில் காட்டிவிடுகிறார்கள். டிராலியில் உட்கார்ந்து பாதையைப் பார்வையிட்டவனுக்குத் தெரியும், எக்ஸ்பிரஸ் வண்டி ஜன்னலிலிருந்து ஒரு தளர்ந்த போல்ட்டும் கண்ணில் படாது. ஊரும் அப்படித்தான்.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022-இல் வாகமணில் முதல் கேரவன் பார்க் வந்தது. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் கவனம் சொகுசு வண்டியிலும் சொகுசு விடுதியிலுமே போகிறது. ஓய்வூதியக்காரருக்கு அது எட்டாது. வண்டி வந்து, நிற்கும் இடம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான சான்றும் உண்டு. 2024 டிசம்பரில் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததாகவும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்ததாகவும் கண்டறிந்தார்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. நின்ற இடத்தில் மின்சாரம் எடுக்க ஒரு பிளக் இருந்திருந்தால் ஜெனரேட்டருக்கே வேலை இருந்திருக்காது.

கடலும் தன் பங்குக்கு எச்சரிக்கிறது. காற்றே இல்லாத நாளில், தெற்கே வெகு தொலைவில் எழுந்த புயலின் அலை, கள்ளக்கடலாக நம் கரையில் ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி மாண்டது நினைவிருக்கும். மணலில் வண்டியை இறக்கி நிறுத்துவது அழகாகத் தோன்றலாம், ஆனால் அது கூடாது. மேடான, அடையாளமிட்ட இடம்தான் பாதுகாப்பு.

பெண்களின் நிலையையும் சொல்ல வேண்டும். வழியில் கழிப்பறை இருக்காது என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் தாய்மார்கள் எத்தனை பேர்! முதிய வயதில் அதன் விளைவு சிறுநீரகத்தில் தெரியும். கழிவு விஷயத்தில் எனக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. ரயில் பெட்டிகளில் பயோ டாய்லெட் வருவதற்கு முன் கழிவெல்லாம் பாதையிலேயே விழுந்தது. தண்டவாளத்தையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பையும் அது எப்படி அரித்தது என்று பார்த்திருக்கிறேன். பாதை ஊழியர்கள் அதன் நடுவே நின்றுதான் வேலை செய்தார்கள். கேம்பர்வேன்கள் பெருகி, கழிவைக் கொட்ட இடமில்லை என்றால், அதே அசுத்தம் மீனவர் குடியிருப்பு ஓரத்தில் கொட்டப்படும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. ஆஸ்திரேலியக் கடற்கரையில் பல இடங்களில் மைல்கணக்கில் ஆளில்லை. நம் கடற்கரை மக்கள் பிழைக்கும் இடம். கரைவலை இழுப்பதும், கட்டுமரம் ஏற்றுவதும், மீன் உலர்த்துவதும் அங்கேதான். நம் வேன் அங்கே போய் வழியை அடைத்துக்கொண்டு நிற்க உரிமையில்லை. ஊரார் சம்மதத்தோடு, ஊருக்கு வருமானம் தரும் முறையில் நிற்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறிய ஏற்பாடு. நீராவி எஞ்சின் காலத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் தேவைப்படும் தூரத்தைக் கணக்கிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கும் நிலையங்களை வைத்தார்கள். அதுபோலக் கடலோரச் சாலையில் ஐம்பது கிலோ மீட்டருக்கு ஓர் இடம். பத்து வண்டி நிற்கும் முற்றம், சுற்றுச் சுவர், விளக்கு, குடிநீர், ஆண் பெண் இருபாலருக்கும் குளியலறை, மின்சாரம், கழிவுத் தொட்டி. புதிய கட்டிடம்கூடப் பல இடங்களில் வேண்டாம். கேரளத்தில் உள்ளாட்சிகள் கட்டியுள்ள 'டேக் எ பிரேக்' வழியோர ஓய்விடங்களோடு ஒரு முற்றத்தைச் சேர்க்கலாம். சரக்குப் போக்குவரத்து நின்றுபோன சிறு ரயில் நிலையங்களின் முற்றங்களில் லாரி வந்துபோன வழி ஏற்கெனவே உண்டு, அவற்றை ரயில்வே வாடகைக்கு விடலாம். கோயில், தேவாலய, தர்கா நிர்வாகங்கள் திருவிழாக் காலம் தவிர்த்துத் தங்கள் மைதானங்களைத் தரலாம். கவனித்துக்கொள்ள இங்கே குடும்பஸ்ரீ, அங்கே மகளிர் சுய உதவிக் குழுக்கள். அவர்கள் மீன் குழம்புச் சாப்பாடும் ஆப்பமும் விற்றால் நாம் அடுப்பு மூட்டவும் வேண்டாம்.

"ரயில் இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது, வயதான காலத்தில் இந்த வேலை எதற்கு?" என்று சில அன்பர்கள் கேட்பார்கள். ரயிலை நான் குறை சொல்வேனா? ஆனால் ரயில் நிற்கும் இடத்தில்தான் நாம் நிற்க முடியும். மூட்டுவலிக்காரர், இரண்டு மணிக்கு ஒருமுறை மருந்து சாப்பிடுகிறவர், பத்தியச் சமையல் தேவைப்படுகிறவர் ஆகியோருக்குத் தம் இஷ்டப்படி நிற்கும் வண்டியே வசதி. பணி ஓய்வு பெற்றபின் பலர் வீட்டை விட்டு இறங்காமல் இருப்பதற்குக் காரணம் பணமின்மை மட்டுமன்று, வழியில் அவதிப்படுவோமோ என்ற அச்சமும்தான். அந்த அச்சத்தை ஒரு குழாயும் ஒரு கழிப்பறையும் ஒரு விளக்கும் நீக்கிவிடும்.

இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே, இரண்டு மொழியும் அறிந்தவர்களாக இருக்கும் நாமே இதைக் கேட்கத் தகுதியானவர்கள். சங்கத்தின் சார்பில் இரு மாநிலச் சுற்றுலாத் துறைகளுக்கும் தெற்கு ரயில்வேக்கும் ஒரு மனு அனுப்பலாம். அதற்குமுன், வரும் தை மாதம் விருப்பமுள்ள ஐந்தாறு குடும்பங்கள் இரண்டு வாடகை வேன்களில், இரவில் லாட்ஜில் தங்கியாவது, இந்த வழியில் ஒருமுறை போய்வரலாம். எந்த ஊரில் நிற்க இடமுண்டு, எங்கே தண்ணீர் உண்டு, எங்கே கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்று குறித்து வந்து அந்தக் குறிப்பையே மனுவோடு இணைப்போம். வழியளந்து குறிப்பெடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வர விரும்பும் அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.